உன் அப்பா பார்த்த நாரை

டோல்னா வர்பா,
மார்ச் 15

என் அன்பு மகள் ரலிட்சாவுக்கு,

அம்மா நெவேனா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி கலினாவும் ஸ்பெயினில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கன்னி மரியாளிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கதோஷம். அடித்துவிடவும் மனசு வரவில்லை, இருக்கட்டும்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது உன் அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். குறுஞ்செய்தி அனுப்பினாலும் அவர்தான் முதலில் எடுத்துப் படிக்கிறார். அதனால்தான் மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு அவர் படுத்திருக்கும் நேரத்தில், தையல் மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. கலினாவின் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஈஸ்டருக்கு நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷமாகத் தார்ப்பாயின் கீழே கிடந்த அந்தக் கிழட்டு லாடா காரைத் திறந்துவிட்டார். துடைக்கிறார், எண்ணெய் விடுகிறார், அதோடு பேசுகிறார். 28ஆம் தேதி டாக்டர் சோனெவா பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மறுபடி வண்டி ஓட்டலாம். "ஏர்போர்ட்டுக்கு நானே போய் என் பேத்திய ஏத்திக்கிட்டு வருவேன், எவனோட டாக்சியும் வேண்டாம்" என்று தெருவில் போகிற நாயிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.

போனில் நீ "அப்பா நல்லாத்தானே இருக்காரு, குரல் தெளிவா இருக்கே" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் சனிக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடப்பது உனக்குத் தெரியாது. அந்த அரை மணி நேரம் பேசிவிட்டு, திங்கட்கிழமை சட்டையின் இடது கை எங்கே என்று தேடிக்கொண்டு நிற்பதும் தெரியாது.

நல்ல நாளே இல்லை என்று சொல்லமாட்டேன், அது பாவம். பிப்ரவரியில் திராட்சைக் கொடி வெட்டும் திருநாளன்று இரண்டு வரிசையை ஒற்றை ஆளாக வெட்டிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நான் கொட்டிலுக்குப் பின்னால் போய் அழுதேன், சந்தோஷத்தில். இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுத் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "என்ன நெவேனா, பீன்ஸ் இவ்வளவுதானா? வர வர ரொம்பக் கஞ்சப் பிசினாறி ஆயிட்டே" என்றார். இடது பாதி அப்படியே கிடந்தது. நான் தட்டைத் திருப்பி வைத்தேன். "இப்ப சரி" என்று மீதியையும் சாப்பிட்டார். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது, ரலிட்சா. அதுவும் எந்த நாள் ஏறும், எந்த நாள் சறுக்கும் என்று தெரிந்தால் தேவலை. தேதிக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்னால் "நல்லது", "கெட்டது" என்று எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன். மூன்று வருஷத்துத் தாள் இருக்கிறது. பரப்பி வைத்துப் பார்த்தேன், ஒரு கணக்கும் பிடிபடவில்லை.

ஊருக்கு இது புரியாது. கடைக்காரி பென்கா, "ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சே, ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்காரு, இன்னும் என்னடி சீக்கு?" என்று கேட்கிறாள். தலையில் முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது அல்லவா, அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பு. டாக்டர் சோனெவாவோ, "மூளையில இருந்த கட்டிய அறுத்தெடுத்துத் தெச்சிருக்கோம்மா. தூக்கம் கெட்டா, சளி பிடிச்சா, களைச்சுப்போனா பழைய தொந்தரவு தலைகாட்டத்தான் செய்யும். ஒவ்வொண்ணுக்கும் பயந்துக்கிட்டு ஓடி வராதீங்க. அதுக்காக வரவேண்டிய நேரத்துல வராமலும் இருந்துடாதீங்க" என்கிறார். "எதுக்கு வரணும், எதுக்கு வரக்கூடாதுன்னு அந்தக் கட்டி வந்து எங்கிட்டச் சொல்லுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவருக்கும்தான் எப்படித் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

மார்ச் முதல் தேதி வழக்கம்போல ஒருவர் கையில் ஒருவர் மார்ட்டெனிட்சா கட்டிக்கொண்டோம். சிவப்பும் வெள்ளையுமாக நானே முறுக்கிய கம்பளி நூல். முதல் நாரையைப் பார்த்ததும் அவிழ்த்து மரத்தில் கட்டுவதுதானே வழக்கம். ஆறாம் தேதி காலை. தெரு ஓரத்தில் இன்னும் பனி கிடந்தது. நான் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து உன் அப்பா கத்தினார்: "நெவேனா! நாரை! செங்கால் நாரை வந்துடுச்சு! பறந்து போகுது பாரு!" நான் ஓடுவதற்குள் போய்விட்டது என்றார். சின்னப் பிள்ளை மாதிரிக் கையிலிருந்த நூலை அவிழ்த்து ஆல்பக்கோடா மரத்தில் கட்டினார். "பறக்கிற நாரைய மொதல்ல பார்த்திருக்கேன். வருஷம் முழுக்க உடம்பு பறக்கும். நிக்கிற நாரைய பார்த்தவன்தான் படுத்துக் கெடப்பான்" என்று என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. நான் பார்க்கவில்லை, அதனால் என் நூல் என் கையிலேயே இருந்தது. ஆனால் நம்பினேன், கண்ணே. நம்பி, மூச்சிரைக்கக் கடைக்கு ஓடி, "எங்க வீட்டுக்காரர் நாரைய பார்த்துட்டார்" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

கடையே சிரித்தது. பக்கத்தில் கென்ச்சோ அண்ணன் வீட்டு மின்கம்பத்தின் மேல்தானே நாரைக் கூடு இருக்கிறது. அவர் கேட்டார், "இந்தப் பனியில நாரையா? ஸ்டாமென் காலையிலேயே ராகியாச் சாராயம் ஊத்திக்கிட்டானா? மாசக் கடைசிக்கு முன்னால வந்தா நான் என் மீசைய எடுத்துடறேன்!" நானும் சேர்ந்து சிரித்தேன். வெளியே வந்து பாலத்துப் பக்கம் நடக்கும்போதுதான் எனக்கு அந்த ஆடு ஞாபகம் வந்தது. அங்கேயே கல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நீ மறந்திருக்கமாட்டாய். மூன்றரை வருஷத்துக்கு முன்னால், கட்டி இருப்பது தெரிவதற்கு முந்தி, "கென்ச்சோவோட வெள்ளாடு கெணத்துக்கு இடது பக்கம் நிக்குது, வெரட்டு" என்றார். அங்கே ஆடும் இல்லை, ஒன்றும் இல்லை. அதை நான் பெரிய நகைச்சுவையாக்கி ஒரு மாசம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு மாசம்! பிறகுதான் அவர் ரொட்டிக்கடை வாசலில் விழுந்து கைகால் இழுத்துக்கொண்டது. முன்னாடியே கொண்டுவந்திருந்தால் கொஞ்சமாக அறுத்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் தன்பாட்டுக்குச் சொன்னார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து, நாரை எந்தப் பக்கம் பறந்தது என்று கேட்டேன். கேட்ட உடனே அவர் முகம் மாறிவிட்டது. அவருக்கும் ஆடு ஞாபகம் இருக்கிறது. "எந்தப் பக்கமா இருந்தா என்ன? பார்த்தேன்னா பார்த்தேன்" என்று கத்தினார். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "டாக்டர்கிட்டச் சொல்லாத. ரலிட்சாகிட்டயும் சொல்லாத. மறுபடி அந்தப் படம் எடுக்கிற மெஷினுக்குள்ள என்னைத் தள்ளாத. நீ வாயைத் தெறந்தா நான் செத்ததுக்குச் சமம், நெவேனா" என்றார். உன் அப்பா யாரையும் கெஞ்சிப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. சத்தியம் செய்துவிட்டேன்.

ஒன்பது நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வானத்தையே பார்க்கிறேன். கடவுளே, என் புருஷன் பொய் சொல்லியிருக்கட்டும் என்று வேண்டுகிறேன். என்னைச் சந்தோஷப்படுத்த, தன்னையே ஏமாற்றிக்கொள்ள, சும்மா ஒரு பொய். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் புருஷன் பொய்யனாக இருக்க வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றியவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

அவர் எழுந்துவிட்டார், இருமல் கேட்கிறது. பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 22

ரலிட்சா, தாளைத் தையல் மெஷினுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். விட்ட இடத்திலிருந்து எழுத முடியவில்லை, என்னென்னவோ நடந்துவிட்டது.

நேற்றுக் காலை நாங்கள் இரண்டு பேரும் ரொட்டி வாங்கிக்கொண்டு கென்ச்சோ அண்ணன் வீட்டு வழியாகத் திரும்பினோம். நல்ல வெயில். உன் அப்பா தெளிவாக இருந்தார், என் கையைப் பிடிக்காமலே நடந்தார். கலினாவுக்கு ஊஞ்சல் எங்கே கட்டலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். அப்போது கம்பத்தின் மேலே சத்தம் கேட்டது. மரக்கட்டையைத் தட்டுவது போல, கட கட கட என்று. நிமிர்ந்து பார்த்தேன். நாரை. கூட்டின் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்து அலகைத் தட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. அது எங்களுக்கு இடது பக்கம்.

உன் அப்பாவும் நின்றுவிட்டார். முகமெல்லாம் மலர்ந்தது. "கேட்டியா? நான் சொன்னேன்ல? எல்லாப் பயலும் சிரிச்சானுங்களே!" என்றார். சொல்லிக்கொண்டே வலது பக்கம் பார்த்தார். தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தார். கூரைகளைப் பார்த்தார். திரும்பி, மறுபடியும் வலது பக்கமே பார்த்தார். அது தட்டிக்கொண்டே இருந்தது. இவர் தேடிக்கொண்டே இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை, ரலிட்சா. தட்டைத் திருப்பி வைப்பது போல அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். கை வரவில்லை.

"பறந்துடுச்சு போல. சத்தம்தான் கேக்குது. நீ பார்த்தியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்தேன் என்றால் நான் நூலை அவிழ்த்தாக வேண்டும். "இல்லைங்க, நானும் பார்க்கல. பறந்துடுச்சு" என்றேன். கென்ச்சோ அண்ணன் கதவைத் திறந்துகொண்டு, "ஸ்டாமென், மீசைய எடுக்கக் கத்தி தீட்டட்டுமாடா?" என்று கத்திக்கொண்டே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், மனுஷர் அப்படியே திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இல்லாத நாரையைப் பார்த்த மனிதருக்கு, இருக்கிற நாரை தெரியவில்லை. இதற்குமேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

மத்தியானம் அவர் படுத்ததும் பென்காவின் கடைக்குப் போய் அங்கிருந்து டாக்டர் சோனெவாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆட்டிலிருந்து தட்டு வரைக்கும். "களைப்பாவும் இருக்கலாம், வலிப்பு மாத்திரை அளவு பத்தாம இருக்கலாம், அதுவாவும் இருக்கலாம். படம் எடுக்காம எதுவும் சொல்ல முடியாது. 28 வரைக்கும் வேண்டாம், திங்கட்கிழமையே கூட்டிட்டு வாங்க" என்றார். பென்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீக்கு என்ன என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. ஒரு பாக்கெட் சர்க்கரையை என் பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இன்று காலை முற்றத்துக்கு வந்தேன். லாடாவின் மேல் தார்ப்பாய் மறுபடி போர்த்தியிருந்தது. யாரும் சொல்லாமல் அவரே போர்த்தியிருக்கிறார். வலது பக்கம் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது, மூன்று முடிச்சு. இடது பக்கம் கட்டாமல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. "குளிர் இன்னும் போகல, அதான் மூடி வெச்சேன்" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் சரி என்று சொல்லிவிட்டு, அவர் உள்ளே போனதும் இடது பக்கத்தையும் கட்டினேன்.

அவருக்குத் தெரியும், ரலிட்சா. எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருக்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு தடவை அந்தத் தலையைத் திறந்தால் எந்த ஸ்டாமெனைத் திருப்பித் தருவார்கள்? திறக்காவிட்டால்? ராத்திரி பகலாக இதே கேள்விதான். உன்னை வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வராதே என்று சொல்லும் தைரியம் அதைவிட இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது எப்போதும் போலப் பேசு. வண்டியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லமாட்டார், நீயும் கேட்காதே. குழந்தைக்குக் கார் ஒத்துக்கொள்ளவில்லை, ஏர்போர்ட்டிலிருந்து ரயிலில் வருகிறோம் என்று நீயாகவே சொல்லிவிடு. என் கையில் நூல் இன்னும் இருக்கிறது. ஆல்பக்கோடா பூத்தாலும் அவிழ்க்கமாட்டேன். அவர் கண்ணால் ஒரு நாரையைப் பார்த்து எனக்குக் காட்டட்டும், அன்றைக்கு அவிழ்க்கிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. என் செல்லம் கலினாவின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம். நீங்கள் வரும் நாளில், திங்கட்கிழமை எப்படி முடிந்திருந்தாலும் சரி, உன் அப்பாவை நான் ரயிலடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பேன். இறங்கி வரும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கண்ணே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவருக்கு வலது பக்கமாக நடந்து வா.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா நெவேனா