மாடு நக்கின சுவர்

ஆவணி 28, திங்கள்

வெயில். கோடைக்காற்று மணலை வாரிக் கண்ணில் போடுகிறது. காலையிலிருந்து மண் மிதி. இடுப்பு இனி என் பேச்சைக் கேட்காது.

இன்றைக்கு ஆனது:
மண் – குளத்து மண், மகன் சவரி கொண்டுவந்து கொட்டினான். ஏரிக்கரை மண் ஆகாது. உப்பு.
தண்ணீர் – நல்ல கிணற்றுத் தண்ணீர். அதுவும் உப்புக்குப் பயந்துதான்.
வைக்கோல் – கொஞ்சம். போதாது.
கருவாடு புரட்ட – மறந்தே போனேன். வாளை ஒரு பக்கம் தீய்ந்திருக்கும்.

வேலை ஒரே ஒரு சுவர்தான். வடக்குப் பக்கம். மற்ற மூன்றும் அவர் இருந்தபோதே வைத்த மண்சுவர். நாலாவதுக்கு முன்னால் அவர் கடலோடு போய்விட்டார். அன்றிலிருந்து அங்கே ஓலைத் தட்டி.

சின்னவள் அன்னம்மாவுக்கு வளையல் போட்டு அழைத்துவந்த அன்று, அவள் மாமியார், திருப்பாலைவனத்துச் சம்பந்தியம்மா அருளாயி, அந்தத் தட்டியை இரண்டே விரலால் தள்ளிப் பார்த்தாள். ஆடியது.

"வாடக்காத்துல பச்ச ஒடம்புக்காரி இங்கயா படுப்பா? ஐப்பசிக்கு முன்ன வண்டி கட்டிக்கினு வரேன் சம்பந்தியம்மா. சுவுரு இருந்தா புள்ள இங்க பொறக்கட்டும். இல்லாங்காட்டி எங்க வூட்ல."

தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான். ஊர் அறிந்த முறை. பெரியவளை நாகப்பட்டினத்துக்காரர்கள் இதே தட்டியைக் காட்டித்தான் அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். மூன்று பேரப்பிள்ளைகள், ஒன்றுகூட என் கூரைக்குக் கீழே முதல் அழுகை அழவில்லை. இந்தத் தடவை விடமாட்டேன்.

அந்தம்மாவுக்கு இனி "ச." போதும். முழுப் பேரும் எழுத மை வீண்.

புரட்டாசி 1, வெள்ளி

புழுக்கம். முழங்கால் வீக்கம், புளியிலை வேகவைத்துக் கட்டினேன். சுவரின் முதல் படை, அடி அடுக்கு, நின்று காய்கிறது. அது காயாமல் அடுத்த படை ஏற்றினால் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்துவிடும். காத்திருப்பதுதான் மிதிப்பதைவிட அலுப்பு.

வைக்கோல் தீர்ந்தது. வைக்கோல் இல்லாத மண் காய்கிறபோதே வாய் பிளக்கும்.

ச. சட்டி விற்க வந்த குயவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "வைக்கோலு பத்தலன்னா சொல்லச் சொன்னாங்கம்மா. களத்துல போரு கீதாம்."

"எங்க வூட்லயே மலையாட்டம் கீதுன்னு சொல்லு" என்றேன். யோசிக்கவே இல்லை. அவள் வைக்கோலில் என் சுவரா?

பொய்யும் இல்லை. கருவாட்டுக் கொட்டகையில் கிடக்கிறதே. உப்பில் போட்ட மீனுக்கு அடியில் வருஷக்கணக்காக விரித்து விரித்துச் சேர்ந்தது. வாரி வந்து நறுக்கி மண்ணில் போட்டு மிதித்தேன். நன்றாகப் பிடித்தது.

அன்னம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "யம்மா, இது புள்ள பெறவா, கொழம்பு வெக்கவா?"

"காஞ்சா வாட போய்டும். போய்ப் படு."

புரட்டாசி 9, சனி

மேகம் கூடிக் கூடிக் கலைகிறது. சுவர் மார்பு உயரம். இன்னும் ஒரு படை.

கோட்டையில் உலாந்தா வெள்ளைக்காரர்கள் கப்பலுக்குச் சீலைப் பொதி ஏற்றுகிறார்கள். சவரிக்கு அவர்கள் சரக்குக் கிட்டங்கியில் மூச்சுவிட நேரமில்லை. அவன் பொதி கட்டுகிறவன். மடித்த சீலைமேல் பலகை போட்டு, ஆள் ஏறி மிதித்து, கயிற்றில் கட்டை செருகி முறுக்கி, செங்கல் மாதிரி சதுரமாக்கிவிடுவான். கடலில் விழுந்தாலும் நடுச் சீலை நனையாது என்று அவனே பீற்றிக்கொள்கிறான். தெருவில் சிரிப்புதான். "மீனு புடிக்கிற வூட்ல மூட்ட கட்டறவன்." எனக்கும் உள்ளுக்குள் ஒரு குறைதான், சொல்வதில்லை.

பக்கத்து வீட்டுப் பொன்னி சுவரைத் தட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, கோட்டத் தொரையைக் குடிவெக்கப் போறியா?"

"அவருக்கு இவ்ளோ நல்ல சுவுரு கெடைக்காது."

சொல்லிவிட்டு உள்ளே போய் நானே சிரித்துக்கொண்டேன். மாதா கோயில் உபதேசியார் பள்ளிக்கூடத்தில் அஞ்சு வருஷம். இந்தக் குப்பத்தில் எழுதத் தெரிந்த ஒரே பொம்பிளை. சுவரும் வைக்கத் தெரியும். எழுதிவைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

எண்ணெய் வாங்க. முழங்காலுக்கும் விளக்குக்கும்.

புரட்டாசி 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காற்று திரும்பிவிட்டது, வடக்கிலிருந்து ஈரமாக வருகிறது.

சுவர் முடிந்தது. ஆனால் காலையில் பார்த்தால் ஈரம். வெயில் ஏறினால் காய்கிறது, மேலே வெள்ளையாக ஏதோ பூக்கிறது. மறுநாள் மறுபடி ஈரம். மற்ற மூன்று சுவரும் உலர்ந்து கிடக்கின்றன.

பொன்னிக்கு என்ன பொல்லாத கண். "யக்கா, ஒன் சுவுருக்கு வேர்க்குது. ஜொரமா?"

"புதுசுல அப்டித்தான்."

அவள் போன பிறகு துணியால் வெள்ளையைத் துடைத்தேன். கூடவே மண்ணும் மாவு மாதிரி வந்தது. மேலே சாணி மெழுகி மறைத்தேன். அன்னம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது.

தூக்கமில்லை. வயசாகிவிட்டது என்று ஒத்துக்கொள்ள மனசில்லை, அவ்வளவுதான்.

புரட்டாசி 26, செவ்வாய்

தூறல், பிறகு வெயில். ச. வந்தாள்.

வண்டி நிறைய வைக்கோல். அன்னம்மாவைக் கூட்டிப் போக வேண்டியிருந்தால் பள்ளத்தில் குலுங்காமல் படுத்து வர என்று, ஆள் உயரத்துக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அதாவது, சுவர் இருக்காது என்று முடிவு கட்டியே வந்திருக்கிறாள்.

கையை நீட்டிச் சுவரைக் காட்டினேன்.

பார்த்தாள். சுற்றிவந்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். "சொன்னா மாதிரி வெச்சிட்டீங்க" என்றாள். மெய்யாகவே சொன்னாள். கையில் மோர்ச் செம்பு இருந்தது. என் வாழ்நாளில் மோர் அவ்வளவு இனித்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்தான். வெள்ளைக்காளை. எதிரே தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் புல். அது இரண்டையும் விட்டுவிட்டு நேராகச் சுவருக்குப் போனது. நக்க ஆரம்பித்தது. ஓட்டினால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி நக்குகிறது. மற்றக் காளையும் வந்து சேர்ந்துகொண்டது. சாணி மெழுகு போய், உள்ளே வைக்கோல் தெரிந்தது. அதைப் பல்லால் பிடித்து இழுத்துத் தின்கின்றன.

ச. மாட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "இன்னா சம்பந்தியம்மா, சுவுத்துக்கு வெல்லம் பூசிக்கிறீங்களா?"

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பு!"

"கடலோரம். காத்துல வர்றதுதான்."

"மத்த மூணு சுவுத்துக்கும் காத்து போகாதா?"

அன்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கருவாட்டு வைக்கோலு அத்தே. யம்மா சுவுத்துக்கே உப்புக்கண்டம் போட்டுக்கிது."

ஏரி மண்ணில் உப்பு என்று ஒதுக்கினேன். தண்ணீரில் உப்பு என்று ஒதுக்கினேன். வைக்கோலைத் தினம் கையால் தொடுகிறவள், அது உப்பாக எனக்குத் தெரியவே இல்லை. அந்த வாடையிலேயே பிறந்தால் மூக்குக்கு எப்படித் தெரியும்.



புரட்டாசி 27, புதன்

மழை, காலையில் ஒரு பாட்டம். சுவரின் அடி நனைந்து உட்கார்ந்தது. சவரி கையால் தள்ளினான். பாதி தூரம் ஒரே சரிவு. சத்தம்கூட இல்லை, நனைந்த மாவு மூட்டை விழுகிற மாதிரி. மீதியை நானே தள்ளிவிட்டேன். நிற்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ச. சிரிப்பாள் என்றிருந்தேன். சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

"வண்டியப் பூட்டட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன். புதுச்சுவர் இனிக் காயாது. மழை வந்தாயிற்று. "பூட்டுங்க" என்றேன். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் நின்றேன், வேலை ஒன்றும் இல்லாமல்.

அங்கிருந்தே கேட்டது. அன்னம்மா: "நான் வரல அத்தே. வண்டில குந்தவே முடில. இடுப்பு விட்டு விட்டு இழுக்குது."

அப்புறம் சவரியின் குரல். "அத்தே, வண்டில கீற வைக்கோல எனக்குத் தருவீங்களா?"

"அத வெச்சி இன்னா பண்ணுவ நைனா? மண்ணு காயாதே."

"மண்ணு இன்னாத்துக்கு? பொதியாக் கட்டி அடுக்கிட்றேன்."

கப்பல் போய்விட்டதால் கிட்டங்கியில் அவனுக்கு வேலை இல்லை. பழைய கதவுப் பலகைகளால் ஒரு பெட்டி அடித்தான். அடியும் இல்லை, மூடியும் இல்லை. அதில் வைக்கோலைத் திணித்து மேலே ஒரு பலகை. "யம்மா, ஏறி நில்லு." நின்றேன். பலகை இறங்கவில்லை. நான் உலர்ந்து போனவள், கருவாடு. சவரி ச.வைப் பார்த்தான், கேட்கத் தயக்கம்.

அவளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "நவுருங்க சம்பந்தியம்மா. சோறு துன்ன ஒடம்பு இதுக்காவது ஒதவட்டும்."

இரண்டு பேரும் ஒரே பலகையில். விழாமல் இருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு. குதிக்கச் சொன்னான், குதித்தோம். பொன்னி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கும்மிப் பாட்டு எடுத்துவிட்டாள், பாவி. கீழே சவரி கயிற்றை முறுக்கி முடிந்தான். பெட்டியைத் தூக்கியதும் பொதி நின்றது. நாலு மூலையும் நேராக. காலால் உதைத்தேன். நகரவில்லை.

மூட்டை கட்டறவன். சரி.

இருட்டும் மட்டும் குதித்தோம். முழங்காலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இருக்கிறது.

புரட்டாசி 29, வெள்ளி

விடாத மழை.

தரையில் இரண்டு வரிசை கல், ஈரம் ஏறாமல். அதன்மேல் பொதி. ஒரு பொதியின் இணைப்புக்கு மேலே அடுத்ததன் நடு வருகிற மாதிரி அடுக்கினான். மேலிருந்து கீழே மூங்கில் குச்சி குத்தி இறக்கினான். கூரைக்கும் பொதிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் உதிரி வைக்கோல் திணித்தோம். உள்பக்கம் குளத்து மண் பூச்சு, ச.வும் நானும். வெளிப்பக்கம் பழைய படகுப் பாய்ச்சீலை தொங்குகிறது. மழை ஓய்ந்தால் அங்கேயும் பூச வேண்டும். விளக்கை வைக்கோலுக்குக் கிட்டே கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும்தான்.

பூசிக்கொண்டிருக்கும்போது வண்டிக்காரன் ச.விடம் முணுமுணுத்தான். "தை அறுப்பு வரிக்கும் மாடு இன்னா துன்னும்மா? போருல பாதி இது."

"மழ பேஞ்சா புல்லு மொளைக்கும். நீ வாய மூடு."

எனக்குக் கேட்டது என்று அவளுக்குத் தெரியாது. பூச்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்த்த இடத்தையே.

ஐப்பசி 2, திங்கள்

பெண் குழந்தை. மத்தியானம், மழைக்கு நடுவில்.

உள்ளே காற்று இல்லை. மழைச் சத்தமே தூரத்தில் எங்கோ பெய்கிற மாதிரி. வாடைக்காற்று அந்தச் சுவரில் மோதி நின்றுவிடுகிறது. அன்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையால் என்னையும் ஒரு கையால் ச.வையும் நசுக்கினாள். எனக்கு விரல் இன்னும் வலிக்கிறது. அவளுக்கும் வலிக்கும்.

முதல் அழுகை என் கூரைக்குக் கீழே.

குழந்தையைத் துடைத்து ச.தான் முதலில் வாங்கினாள். முறைப்படி என் கையில்தான் முதலில். சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே என் மடியில் வைத்தாள். "ஒங்க வூட்டுப் புள்ள."

வைக்கோல் வாசனை. குழந்தைமேலும்.

கப்பல் வேலையாகப் போயிருக்கிற மாப்பிள்ளைக்கு அடுத்த கப்பல் வழியாகச் சொல்லி அனுப்ப. மிளகு, சுக்கு, பனவெல்லம். துணி காயவே இல்லை.

ஐப்பசி 6, வெள்ளி

மழை விட்டது. உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி. காலையில் எழுந்து உட்காரவே யாராவது தூக்கிவிட்டால் தேவலை.

ச. ஊருக்குக் கிளம்பினாள். காளைகள் இரண்டும் விழுந்து கிடந்த சுவர்மேலேயே நின்றுகொண்டிருந்தன. இத்தனை நாளும் அப்படித்தான், மேய ஓட்டினாலும் திரும்பி வந்துவிடும்.

சவரியைக் கூப்பிட்டேன். மண்வெட்டி, கூடை. நானும் குனிந்தேன். கட்டி கட்டியாக எடுத்து வண்டியில் ஏற்றினோம். கொட்டகையில் மிச்சமிருந்த கருவாட்டு வைக்கோலையும் சேர்த்து வாரிப் போட்டேன்.

"இன்னா இது?" என்றாள்.

"மாட்டுக்கு. உப்புக்கல்லாட்டம் நக்கும். புல்லு மொளைக்கிற வரிக்கும் பச்ச ஓலையோட கலந்து குடுங்க. ஒங்க போருல பாதி எங்க வூட்ல சுவுரா நிக்கிது."

அவள் வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மாட்டைத் தடவிக்கொண்டிருந்தான், ரொம்ப அக்கறையாக.

அன்னம்மா குழந்தையை வாசல்வரை கொண்டுவந்து காட்டினாள். வண்டி நகர்ந்தது. என் சுவர் முழுசும் திருப்பாலைவனம் போகிறது. பின்னால் கட்டியிருந்த கூடையிலிருந்து வழியெல்லாம் உதிர்ந்துகொண்டே.

வேலி முனையில் அருளாயி திரும்பிப் பார்த்துக் கத்தினாள் (பேர் இருக்கட்டும், மை கிடக்கிறது). "சம்பந்தியம்மா! வர்ற வருசமும் ஒரு சுவுரு வைங்க! மாடு கேக்கும்!"

வண்டி மறைந்த பிறகு நல்ல பதில் ஒன்று வந்தது. இனி யாரிடம் சொல்ல.

வெயில் வருகிறது. கருவாடு புரட்ட.