பிள்ளையின் சொந்த முடிவு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
22.6.2025

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணனுக்கு, வேதமணி எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். மதினிக்கு மூட்டுவலி தேவலையா? நீங்கள் தலைமையாசிரியர் ஆன செய்தியை நான் அடுத்தவர் சொல்லித்தான் கேட்க வேண்டியிருந்தது. பி.எட். வகுப்பில் கூடப் படித்து என்னைத் தங்கையாக்கிக்கொண்ட நாளிலிருந்து தும்மினால்கூடக் கடிதம் போட்ட மனுஷர், இதற்கு ஒரு வரி எழுதவில்லை. கோபம்தான். ஆனாலும் உங்கள் பள்ளி மலரில் வந்த கட்டுரையை ஆசிரியர் அறையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மில்லில் அறுந்த நூலை முடிந்துகொண்டே அஞ்சல் வழியில் சரித்திரம் படித்தது, வகுப்பில் சாக்பீஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்காருவது, எதைத் தேடுவது என்பதை அவர்களே முடிவுசெய்வது எல்லாம் அதில் இருந்தது. உங்களைப் பார்த்துத்தானே நானும் அப்படி நடத்துகிறேன்.

ஒரு விஷயம். உங்கள் பள்ளியிலிருந்து காளீஸ்வரி என்ற பிள்ளை எங்களிடம் பத்தாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். சாக்பீஸை நீட்டினேன், வாங்கவில்லை. "நீங்க சொல்லுங்க டீச்சர், எழுதிக்கிடுதேன். நானாச் செஞ்சா, பொறவு நானாத்தான் செஞ்சேன்னு ஆயிரும்" என்றாள். உங்களிடம் படித்த பிள்ளையா இப்படிப் பேசுகிறது? என்ன நடந்தது?

அன்புத் தங்கை,
வேதமணி

ராஜபாளையம்,
1.7.2025

அன்புத் தங்கை வேதமணிக்கு,

உன் கோபம் நியாயம். தலைமையாசிரியர் என்றால் பெரிதாக நினைக்காதே. கழிப்பறைச் சாவி எங்கே என்று தேடுவதிலேயே பொழுது போகிறது. மதினி உன்னைக் கேட்டாள். சப்பட்டை மாம்பழம் இந்த வருஷம் காய்ப்பு குறைவு, கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன்.

மில்லில் சூப்பர்வைசர் முன்னால் வாய் திறக்காமல் நின்றே என் இளவயது போயிற்று. என் பிள்ளைகளாவது கேள்வி கேட்டு வளரட்டும் என்றுதான் அந்த முறையைப் பிடித்துக்கொண்டேன். உனக்குத் தெரியாததா?

காளீஸ்வரி நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரக்காரி. புது இடம் பழகினால் சரியாகிவிடுவாள். அவளிடம் ரொம்பக் கிண்டிக் கேட்காதே.

உன் அண்ணன்,
தேவஇரக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
12.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கேட்காதே என்று எழுதினீர்கள், அதனால்தான் கேட்டேன்.

உங்கள் பள்ளி வாசல் கல்வெட்டில் ஸ்தாபகர் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். முதல் கட்டடத்தை மில் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூலி வாங்காமல் எழுப்பினார்கள், அதில் உங்கள் அப்பாவும் ஒருவர் என்று வகுப்பில் சொன்னது நீங்களாம். அதைக் கேட்டுத்தான் இவள் சமுத்திரம் என்ற பெரியவரைத் தேடிப் பிடித்திருக்கிறாள், அன்று சாந்து சுமந்தவர். ஆண்டு விழாவில் அவரைக் கல்வெட்டுப் பக்கத்தில் நிற்கவைத்து, வந்தவர்களிடமெல்லாம் பேசச் சொல்லியிருக்கிறாள். தாளாளர் உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தாராம்.

அங்கே நீங்கள் சொன்னதாக அவள் சொல்வதை நான் நம்பவில்லை. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். எழுதுங்கள்.

வேதமணி

ராஜபாளையம்,
20.7.2025

அன்புத் தங்கைக்கு,

அவள் சொன்னது உண்மை. "இது பிள்ளையின் சொந்த முடிவு சார், என் வகுப்பில் முடிவெல்லாம் அவர்களுடையது" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. இந்தக் கதையை இவளுக்கு யார் சொன்னது என்று தாளாளர் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் செத்த நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "நானாத்தான் விசாரிச்சேன் சார்" என்றாள்.

மன்னிப்பு எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றதால் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்து என்னைத் தலைமையாசிரியர் ஆக்கினார்கள். நீ வாசித்த கட்டுரை அதற்கும் பிறகு எழுதியது, வேதமணி. உனக்கு ஏன் செய்தி சொல்லவில்லை என்று இப்போது புரியும். உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது.

ஆடிப்பூரத் தேருக்கு எங்களுக்கும் விடுமுறை. அன்று வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீயும் கூட வருவாயா?

தேவஇரக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
28.9.2025

அண்ணனுக்கு,

தேர் முடிந்து நான் எழுதிய கடிதங்களுக்கு நீங்கள் பதில் போடவில்லை. இதற்கும் எதிர்பார்க்கவில்லை.

தேரன்று மடவார் வளாகத்தில் அவள் வீட்டு வாசலில் நீங்கள் அழுததை நான் மறக்கவில்லை. அவளும் கலங்கித்தான் போனாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, "எங்கிட்ட வேண்டாம் சார். அந்தக் கல்லுகிட்ட நின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, போதும்" என்றாள். நீங்களும் தலையாட்டினீர்கள்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றிவிட்டு நீங்கள்தான் பேசுவீர்கள், அப்போது சொல்லிவிடுவீர்கள் என்று அவளாக முடிவுகட்டிக்கொண்டாள். சமுத்திரத்தையும் கூட்டிக்கொண்டு உங்கள் பள்ளிக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாளாம். எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தியாகிகளைப் பற்றி நன்றாகப் பேசினீர்கள் என்று சொன்னாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று அவளே எழுந்து வந்து சாக்பீஸ் கேட்டாள். அந்தக் கட்டடத்தின் கதையை முதலிலிருந்து கரும்பலகையில் எழுதினாள். முக்கால்வாசி எழுதியவள் திரும்பி, "சார் பேரையும் எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டாள். எழுதாதே என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது, அண்ணே. உன் முடிவு என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எழுதினாள். கட்டியவர்களில் ஒருவராக உங்கள் அப்பா பெயர் இருக்கிறது. தாளாளர் அறையில் பேசாமல் நின்றவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது.

மதினியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வேதமணி