தாய்லாந்துத் துளசி

ஐப்பசி 9, புதன்

சேத்தியாத்தோப்பு போய்விட்டுத் திரும்பினால் தோட்டத்தில் வெளிச்சம். பாங்காக்கிலிருந்து மகள்தான் சொல்லாமல் வந்துவிட்டாளோ என்று ஓடினேன். விரிசல் விட்ட செராமிக் தொட்டியில் குங்குமம், முன்னால் அகல்விளக்கு. பக்கத்து வீட்டுச் செல்வி நின்றிருந்தாள்.

"துளசி வாடிக் கெடந்துச்சுக்கா. தண்ணி ஊத்தி வெளக்கு வச்சேன்."

கோழிக்கறியில் போடுவதற்கென்று மகள் அனுப்பிய விதையில் நான் வளர்த்த தாய்லாந்துத் துளசி அது. எப்படிச் சொல்வது? கேட்காமல் நுழைந்ததற்குக் கோபமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இலை கிள்ளவில்லை. கோழிக்கறியைப் பூண்டும் மிளகாயும் மட்டும் போட்டு வதக்கி, தனியாகச் சாப்பிட்டேன்.

மகள் போன் செய்தாள். "துளசி போட்டுச் செஞ்சியாம்மா? வாசனை எப்படி?"

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

நாளைக்கும் விளக்கு வைக்க வருவதாகச் செல்வி சொல்லியிருக்கிறாள். டீத்தூள் இருக்கிறதா என்று காலையில் பார்க்க வேண்டும்.