அறிக்கையில் ஒரு நட்சத்திரம்

பேர்லேண்ட், அமெரிக்கா,
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். முட்டி வலி எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறாயா? நான் சௌக்கியம். போனில் பேசினால் என் குரலை வைத்தே எதையாவது கண்டுபிடிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய் வந்துவிட்டேன்.

எனக்கு என்ன வேலை என்று பெரியம்மா கேட்டாளாமே. காலேஜ் ஒழுங்காக நடக்கிறதா என்று அளந்து பார்க்கிற ஆபீஸ் என்று சொல். இந்த மாதம் ஊழியர்களிடம் சர்வே எடுத்தோம். 'இது உங்கள் இடம் என்று தோன்றுகிறதா?' ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போட வேண்டும். நானும் போட்டேன். ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மார்க்கை மறைத்து நட்சத்திரக் குறி போடுவோம். அந்த ரூலை எழுதியதே நான்தான். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டைத் திறந்தால், எங்கள் ஆபீஸின் 'ஆசியப் பெண்கள்' வரியில் ஒரு நட்சத்திரம். அந்த வரியில் நான் ஒருத்திதான். சிரிப்பு வந்தது. "சராசரி நாலு புள்ளி மூன்று, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம்" என்றார் டைரக்டர். நானும் தலையாட்டினேன்.

நேற்று இந்த ஊர் மீனாட்சி கோவிலில் அர்ச்சகர் என் நட்சத்திரம் கேட்டார். அவிட்டமா, சதயமா? சட்டென்று வரவில்லை. இங்கே யாரைக் கேட்பது? பெயர் மட்டும் போதும் என்றேன். என் நட்சத்திரம் எது என்று எழுதி அனுப்பு. இங்கே இருக்கிற கிரீஷைப் பார்க்க அவன் அம்மா வரும்போது பருப்புப் பொடியும் கொடுத்துவிடு, கொஞ்சம் போதும், ஒரு ஆளுக்குத்தானே.

வாஷிங் மெஷின் கூப்பிடுகிறது, போகிறேன். நான் என்ன மார்க் போட்டேன் என்று மட்டும் கேட்காதே.

ப்ரியம்வதா