கோடாலிச் சீட்டை எழுதியது நான்தான்

அனுப்புநர்:
அ. உபகாரமேரி, வயது 67,
காலஞ்சென்ற அருளானந்தம் மனைவி,
மாதா கோவில் தெரு,
விருத்தாசலம்.

பெறுநர்:
உயர்திரு காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
உட்கோட்டக் காவல் அலுவலகம்,
விருத்தாசலம்.

பொருள்: கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக நான் எழுதிய சீட்டை என் பேத்தி எழுதியதாக வைத்துக்கொண்டு, அவளது பாஸ்போர்ட் விசாரணையை நிறுத்தி, மன்னிப்புக் கடிதம் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு யாரும் சொல்லச் சொல்ல எழுதியது அல்ல. நானே யோசித்து, என் கையாலேயே எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. அது ஐந்தாவது பத்தியில் வரும்.

1. என் பேத்தி மெர்சி பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவள். கத்தார் நாட்டு டைல்ஸ் கம்பெனி ஒன்றில் தர ஆய்வு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். செப்டம்பர் முடிவதற்குள் பாஸ்போர்ட் நகலை அனுப்பாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் அண்ணன் வளன் ஏற்கெனவே அங்கே வேலையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் அவனுக்கு ஒரு விளையாட்டுக் கற்றுக்கொடுத்தார். அவன் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தான். அவன் அங்கிருந்து கதையை நடத்துவான். நானும் மெர்சியும் இங்கே கோவிந்தசாமி என்பவரின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆடுவோம். திரையில் ஒரு கோட்டையின் வரைபடம் இருக்கும். அதில் வட்டக் காய்களாக நாங்கள் நிற்போம். பகடையைக் கம்ப்யூட்டரே உருட்டும். என் காய் கோடாலி ஏந்திய வீராயி. மெர்சியுடையது வில் பிடித்தவள்.

2. சண்டை வந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. தன் முறையில்தான் ஒருவர் நகரலாம், அடிக்கலாம். ஆனால் முறை வராமலே செய்யக்கூடிய செயலும் உண்டு என்பது ஆட்டத்தின் சட்டம். எதிரி நம் பக்கத்தைக் கடந்து ஓடினால் ஒரு அடி கொடுக்கலாம். அல்லது நம் முறையிலேயே, "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். சொன்னது நடந்தால், யார் முறையாக இருந்தாலும் நாம் செய்யலாம். நடக்காவிட்டால் அது வீண். ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான்.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. நான் பீங்கான் கம்பெனியில் சூளைப் பக்கம் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். ஷிப்ட் ஆரம்பிக்கும்போதே, வண்டி தண்டவாளத்தில் தானாக உருண்டால் யார் கட்டையைப் போடுவது என்று பேசி வைத்துவிடுவோம். உருளும்போது அது யாருடைய வண்டி என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டோம்.

3. ஆனால் இன்டர்நெட் லைன் மெதுவாக வரும் இடத்தில் இந்தச் சட்டம் நிற்கவில்லை. மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பேய் நாய் ஒன்று வீராயியை ஒட்டிக் கடந்தது. வெட்டு என்று நான் சொல்லி, மெர்சி அதை டைப் அடித்து, அது கத்தார் போய்ச் சேருவதற்குள் வளன் இன்னும் மூன்று காய்களை நகர்த்திவிட்டான். "உன் முறை முடிஞ்சு போச்சு ஆயா, கம்முனு இரு" என்றான். "என் காலடியில போவுதுடா, முறை வர்ற வரைக்கும் வேடிக்கை பாக்கறதா?" என்று கேட்டேன். இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு சமாதானமாகி ஒரு ஏற்பாடு செய்தோம். முறை தாண்டிச் செய்யப்போவதை முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் வைக்க வேண்டும். எழுதியதை மெர்சி உடனே அவனுக்கு டைப் அடித்து அனுப்ப வேண்டும். சமயம் வந்ததும் அவனே ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். சீட்டு இல்லையேல் வெட்டு இல்லை. இந்தச் சட்டத்தைப் போட்டது நான். அதற்குப் பிறகு ஒரு தகராறும் இல்லை.

4. 24.07.2009 வெள்ளிக்கிழமை ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம். உள்ளே இரண்டு தலை கொண்ட காவல்காரன். மெர்சி அச்செடுத்திருந்த வரைபடத்தின் பின்புறம் நான் எழுதிய சீட்டு வரி மாறாமல் இதுதான்:

"காவல்காரன் கதவைத் திறந்து வெளியே வந்தால், யார் முறையாக இருந்தாலும் சரி, நான் கோடாலியால் கழுத்தில் வெட்டுகிறேன். கதவு திறக்காவிட்டால் வெட்டு இல்லை. இரண்டாவது தலை மெர்சிக்கு."

எழுதி வைத்ததை மெர்சி வளனுக்கு அனுப்புவதற்குள் கரண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்துவிட்டோம். சீட்டு கீபோர்டு அடியிலேயே தங்கிவிட்டது. சென்டரை ஒட்டி ஒரு நகை அடகுக் கடை இருக்கிறது. அதற்கு ராஜமாணிக்கம் என்று ஒரு காவல்காரரும் இருக்கிறார். வரைபடத்தில் "பொக்கிஷ அறை" என்று அச்சாகியிருந்தது. கோவிந்தசாமி பயந்துபோய் அதைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. அப்படி ஒரு தாள் என் கையில் கிடைத்திருந்தாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

5. என் புகார் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. 27ஆம் தேதி எங்கள் இருவரையும் விசாரணைக்கு அழைத்தார்கள். (நிலையத்தின் பெயரையும் உதவி ஆய்வாளரின் பெயரையும் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். இந்த மனு பல கை மாறும்.) அந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "ரெண்டாவது தலை யாரோடது?" என்பது. ஒரே ஆளுடையது என்றேன். அவர் நான் கிண்டல் செய்வதாக எடுத்துக்கொண்டார். ஆட்டத்தை விளக்கினேன். எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். அதற்கு அவர், "ஏம்மா, அஞ்சாவது படிச்ச கெழவி கம்ப்யூட்டர்ல கோடாலி தூக்கிக்கினு சண்டை போட்டேன்னு சொன்னா, அத நான் எழுதிக்கணுமா? பேத்திய காப்பாத்தப் பாக்கற" என்றார். சீட்டில் மெர்சி பெயர் இருப்பதால் எழுதியவள் மெர்சி என்று குறித்துக்கொண்டார். என் வாக்குமூலத்துக்கு மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்தும் அவர் குறித்ததை மாற்றவில்லை.

6. ராஜமாணிக்கத்தையும் வரவழைத்தார்கள். அவர், "எனக்கு இருக்கறது ஒரு தலைங்க. அதுக்கே தைலம் வாங்கி முடியல. இவங்க வெட்றது வேற ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் பதிவில் ஏறவில்லை. இப்போது, "தெரியாமல் செய்துவிட்டேன், இனி இப்படித் திட்டம் போட மாட்டேன்" என்று மெர்சி எழுதிக் கொடுத்தால்தான் பாஸ்போர்ட் விசாரணை அறிக்கை போகும் என்கிறார்கள். மெர்சி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பேனாவை எடுத்தாள். பிடுங்கி வைத்தவள் நான். செய்யாததைச் செய்தேன் என்று எழுதிய தாள் அவள் போகும் இடமெல்லாம் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். வேலை போனாலும் அவள் அதை எழுத மாட்டாள். நான் எழுத விட மாட்டேன்.

7. ஆகவே ஐயா அவர்கள் அந்தச் சீட்டையும் இந்த மனுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். நான் "ழ" போடும் விதம் ஒன்றே போதும். இன்னும் சந்தேகம் இருந்தால் தங்கள் முன்னிலையில் உட்கார்ந்து எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதிக் காட்டுகிறேன். குற்றம் என்றால் என் பெயரில் எழுதட்டும், வந்து நிற்கிறேன். குற்றம் இல்லை என்றால் மெர்சியின் பெயரை எடுத்துவிட்டு, பாஸ்போர்ட் அறிக்கையை அனுப்ப உத்தரவிட வேண்டும். ராஜமாணிக்கம் தன் கைப்பட எழுதிய கடிதத்தை இணைத்திருக்கிறேன்.

சீட்டும் எனக்குத் திரும்ப வேண்டும். வேறு எழுதிக்கொள்ளலாமே என்று வளன் சொன்னான். அன்று என் முறை வந்தபோது எழுதியது அதுதான். இன்று எழுதினால் அது ஏமாற்று. கதவு இன்னும் திறக்கவில்லை, வீராயி அங்கேயேதான் நிற்கிறாள்.

கடைசியாக, எங்கள் வழக்கப்படி தங்களிடமும் ஒன்றை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன். 21.08.2009 வெள்ளிக்கிழமை மாலைக்குள் தங்களிடமிருந்து பதில் வராவிட்டால், 24.08.2009 திங்கட்கிழமை காலை கடலூரில், மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் இதே மனுவோடு நான் நிற்பேன். பதில் வந்தால் வர மாட்டேன். சொல்லிவிட்டுச் செய்வதால், அன்றைக்கு யாரும் என்னைப் பார்த்து உன் முறை இல்லை என்று சொல்ல முடியாது.

இடம்: விருத்தாசலம்
நாள்: 10.08.2009

என் கையெழுத்தில்,
அ. உபகாரமேரி