நீரூற்றுக்குத் தோண்டிய இடம்

தியாகராய நகர்,
12-6-1974

அன்புள்ள மகன் ஜவஹருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி கனகராஜும் சுகம், கடையும் சுகம். அங்கே நீயும் செண்பகமும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் திருச்செந்தூரான் துணை. பிலாய் வெயில் பொல்லாதது என்று எழுதியிருந்தாய், வெறுந்தலையோடு பாக்டரிக்குப் போகாதே, ஒரு துண்டாவது போட்டுக்கொண்டு போ, யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் தலை உன்னுடையது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் எழுதுவதற்குள் உன் மாமனார் எழுதிவிட்டார் என்று தெரிகிறது. சண்முகவேல் அண்ணாச்சி மனசு கோணக்கூடாது, சம்பந்தி உறவு, அதனால் அம்மா மன்னிப்பாக இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று நாசூக்காகக் கேட்டிருக்கிறாய். மாட்டேன். எதற்காக மாட்டேன் என்று தெரிந்துகொள், அவர் உனக்குப் பாதிதான் எழுதியிருப்பார்.

அடையாறில் நம் சங்கத்து நாட்டுக்கலைக் காட்சிசாலையைப் புதுப்பிக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அப்பா போன பிறகு அவர் இடத்தில், அண்ணாச்சி தலைவராக இருக்கிற கமிட்டியில் என்னைப் போட்டார்கள், வாயைத் திறக்க மாட்டேன் என்று நினைத்துப் போட்டிருப்பார்கள். வேலை நன்றாகத்தான் நடந்தது, பொய் சொல்லக்கூடாது. ஒழுகின கூரையை மாற்றி, கரகத்துக்கும் பொய்க்கால் குதிரைக்கும் கண்ணாடி பீரோ செய்து, பொம்மலாட்ட மேடைக்குச் சிமெண்டு போட்டு, தோல்பொம்மைகள் வியர்த்து வளைந்துவிடும் என்று அதுகளுக்கு ஒரு மின்விசிறிகூட மாட்டினார்கள். திருட்டுப் பயம் என்று சுற்றுச்சுவரை உயர்த்தி, ஆற்றுப்பக்கம் இருந்த பின்வாசலையும் அடைத்துவிட்டார்கள். அங்கேதான் வினை.

தோல்பொம்மை ஆட்ட வருகிற அம்மாசியின் பெண்சாதி தேவானையை நீ பார்த்திருப்பாய், திரைக்குப் பின்னால் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து சீதைக்கும் மண்டோதரிக்கும் குரல் கொடுப்பவள். ஒத்திகை அன்று நாக்கு உலர்ந்து பாட்டு பாதியில் நின்றது, ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். ஆட்டம் இருக்கிற நாளில் காலையிலிருந்து எதுவும் குடிக்க மாட்டாளாம். ஆம்பளைங்க சுவர் ஓரமா போய்க்குவாங்க, எங்களுக்குப் பின்வாசல்ல இருந்த புதரும் போச்சு, நாங்க எங்கம்மா போறது என்றாள். ஆபீஸ் அறைக்குப் பக்கத்தில் கக்கூஸ் ஒன்று இருக்கிறது, அது கமிட்டிக்காரர்களுக்கு, பூட்டிச் சாவியை அண்ணாச்சி பையில் வைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கமிட்டியில் கேட்டேன். பிளானில் இடமில்லை, பிறகு பார்க்கலாம் என்றார்கள். வாசலில் நீரூற்று வைக்க மட்டும் பிளானில் இடம் இருக்கிறது, பட்டணத்தில் குழாயடியில் பெண்கள் குடத்தோடு அடித்துக்கொள்கிறபோது இவர்களுக்குத் தண்ணீர் மேலே பீய்ச்சியடிக்க வேண்டுமாம். அப்படியென்றால் திரைக்கு வேண்டிய மல் துணி என் கடையிலிருந்து வராது என்று எழுந்து வந்துவிட்டேன். அண்ணாச்சி அசரவில்லை, மயிலாப்பூர் மாட வீதியில் வேறு துணி வாங்கி அடுத்த ஒத்திகைக்குக் கட்டிவிட்டார். என் வீராப்பு அவ்வளவுதான் என்று எனக்கே முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் அன்றைக்குத் தேவானையும் கூட வந்த பெண்களும் உள்ளே வரவில்லை. சிமெண்டு மூட்டை மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக. அண்ணாச்சி விடாமல் அம்மாசியையே சீதை பேசச் சொன்னார். அவன் கட்டைக் குரலில் நாதா என்று கூப்பிட்டான், கொத்தனார்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அண்ணாச்சிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது, வெளியே வந்து கத்தினார். தேவானை எழுந்திருக்கக்கூட இல்லை. “பொம்மைக்கெல்லாம் கண்ணாடி பொட்டி கட்டி ஃபேனு போட்டுக்கீறீங்க. அதுங்க ஒண்ணுக்குப் போவாது சார், நாங்க போவோம்” என்றாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சமாதானம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் போய்த் தேவானை பக்கத்தில், அதே மூட்டை மேல் உட்கார்ந்தேன். அவர் உனக்கு எழுதின அவமானம் இதுதான். வேறு ஒரு வார்த்தை நான் பேசவில்லை. பட்டுச்சேலையில் சிமெண்டு ஒட்டியது இன்னும் போகவில்லை, போனால்தான் என்ன.

சீதைக்குக் குரல் இல்லாமல் திறப்பு விழா நடக்காது என்று தெரிந்ததும் கமிட்டி இறங்கிவந்தது. நீரூற்றுக்கு என்று தோண்டிக் குழாய் வந்த இடம் வாசல்தான், அதனால் பெண்களுக்கான கக்கூஸ் இப்போது வாசலிலேயே எழும்புகிறது. வருகிறவர்கள் முதலில் இதையா பார்ப்பது என்று அண்ணாச்சி ஆள் விட்டுக் கேட்டார், போகும்போதும் பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். நேற்று கதவு வைத்தாயிற்று. இப்போது கமிட்டியில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் விலக வேண்டும் என்கிறார்கள். இரண்டும் நடக்காது. திறப்பு விழாவுக்கு முன்வரிசையில் போய் உட்காருவேன்.

செண்பகத்துக்கு என் ஆசீர்வாதம். அவள் அப்பாவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேனே என்று வருத்தப்படுவாள், ஆனாலும் இந்தக் கடிதத்தை அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டு, ஒரு வரி விடாதே. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, குழந்தை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும், முருகன் கைவிட மாட்டான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே.

இன்னொன்று. உன் கல்யாணத்தன்று விடியற்காலை மணையில் உட்கார்ந்ததிலிருந்து அவள் நம் வீட்டுப் படி ஏறுகிற வரைக்கும், நான் இளநீர் நீட்டினபோதெல்லாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். வெட்கம் என்று நீ கேலி செய்தாய். உங்கள் கல்யாணத்துக்கு அந்த மண்டபத்தைப் பிடித்தது அவள் அப்பாதான். ஏன் குடிக்கவில்லை என்று இன்றைக்கு அவளைக் கேள். கேட்ட பிறகும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அந்த இரண்டு வரியை அவள் கையால் எழுதச் சொல்லி அனுப்பு, நான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அம்மா,
தங்கம்