நவோமி அக்கா சுவரைப் பார்த்துப் பேசியது

தொங்கோவா தீவு,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள லெய்வியாவுக்கு,

உன் கல்மெட் எழுதுவது. நானும் எல்சியும் நலம். குவீன்ஸ்லாந்தில் குனிந்து குனிந்து தக்காளி பறித்து உன் முதுகு என்ன பாடுபடுகிறதோ என்று தினமும் பேசிக்கொள்கிறோம். போனில் சொல்லலாம் என்றால், சிக்னலுக்காக மேட்டில் ஏறியதும் அங்கே எனக்கு முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். இது பத்துப் பேர் காதில் விழச் சொல்லும் விஷயமில்லை. செவ்வாய்க்கிழமை இங்கிருந்து கிளம்பி உங்கள் பண்ணைக்கே வேலைக்கு வரும் மார்த்தாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கிழங்கைத் துருவி இலையில் பொதிந்து லாப்லாப் சுடக் கற்றுக்கொண்டேன். போன வாரம் செய்தது உள்ளே வேகவில்லை. எல்சி ஒரு வாய் தின்றுவிட்டு, "அப்பா, இதை நாய்க்குப் போட்டா அது அம்மாவைத் தேடி ஆஸ்திரேலியாவுக்கே நீந்திப் போயிடும்" என்றாள். வாய் முழுக்க உன்னுடையது.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைகளுக்கு ஊசி போடப்போகிறோம், கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசியாம். சபை மூப்பர் ஆப்பெல், "அது பிள்ளை பெறாம பண்ற ஊசிப்பா. வெளிநாட்டுக்காரன் சும்மா குடுப்பானா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எல்சி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பதினாறு அப்பாக்களில் பதினொரு பேர் மறுத்திருந்தோம். நர்ஸ் ரோசெட் வியாழக்கிழமை காலை எங்களைப் பள்ளிக்கு வரச்சொன்னாள். நம் நாட்டுப் பெண்களைக் கொண்டுபோகும் புற்றுநோய்களில் இதுதான் முன்னால் நிற்கிறது என்றாள். ஒரு கிருமியால் வருகிறதாம். பெரும்பாலோருக்கு அது வந்த சுவடு தெரியாமல் போய்விடும், சிலருக்கு மட்டும் உள்ளேயே தங்கி வருஷக்கணக்கில் கெடுதல் செய்யும், சின்ன வயதிலேயே ஊசி போட்டால் தடுத்துவிடலாம் என்றாள். ஆப்பெல் கொட்டாவி விட்டார். பின்வரிசையில் சிரிப்பு. அதில் என் சிரிப்பும் இருந்தது.

அப்போதுதான் நவோமி அக்கா வந்தாள். தலைநகரம் விலாவில் இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. வயிற்றில் புண் என்றுதான் எனக்கும் தெரியும். அக்காவும் தம்பியும் உடம்புக் காரியம் பேசும் வழக்கம் நம்மிடம் ஏது? கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ரோசெட் நாற்காலி போட்டும் உட்காராமல், எங்களுக்கு முதுகைக் காட்டி, வாய்ப்பாடு மாட்டியிருந்த சுவரைப் பார்த்து நின்றாள். தம்பி கேட்கக் கூடாததைச் சொல்லப்போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே போக எழுந்தேன்.

"எந்திரிச்சுப் போறவரு போகட்டும். காதை மட்டும் இங்க வச்சிட்டுப் போகட்டும்" என்றாள் சுவரிடம்.

ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"வயித்துப் புண்ணுன்னு சொன்னேன், பொய். ரோசெட் சொல்ற நோவுதான் எனக்கு. ரெண்டு வருஷமா ரத்தம் பட்டுச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் காட்டல. காட்டினப்போ டாக்டர் கையைப் பிசைஞ்சாரு. இனிமே எனக்கு வேண்டிய வைத்தியம் நம்ம நாட்டுல இல்லையாம். ஏன் மூப்பரே, பிள்ளை பெறாம பண்ற ஊசின்னீங்களே? எனக்கு ஒரு ஊசியும் போடல, நாலு பெத்தேன். கடைசிக் குட்டிக்கு ஆறு வயசு. அவளை யாரு வளக்கப்போறா, நீங்களா?"



நான் வாசல்பக்கம் வந்தேன். அக்காவிடம் எதைச் சொல்வது? ரோசெட்டைப் பார்த்து, "எல்சியோட அப்பன் கையெழுத்துப் போடணும். இன்னொரு தாள் இருக்குமா?" என்றேன். "அந்தாளுக்குப் பேனா புடிக்கத் தெரியுமான்னு கேளு ரோசெட்" என்றது சுவர்ப்பக்கத்துக் குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாள் நனைந்து, கையெழுத்து கலங்கிப்போயிற்று. ரோசெட் இன்னொன்று கொடுத்தாள்.

மறுநாள் பதினான்கு பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது என்று எல்சி பீற்றிக்கொள்கிறாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்திருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆப்பெல் தன் பேத்தியை அனுப்பவில்லை. ரோசெட் விடமாட்டாள், மறுபடி போய்க் கேட்பாள்.

அக்காவுக்குத் தினமும் மீன் கொண்டுபோகிறேன். குழம்பை மட்டும் இரண்டு வாய் குடிக்கிறாள். அவளுடைய கடைக்குட்டி லூசி இப்போது நம் வீட்டில்தான் எல்சியோடு படுத்துக்கொள்கிறாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளையின் பாயைச் சுருட்டிக் கொடுத்தனுப்பினாள். நீ வரும்போது நமக்கு இரண்டு பெண்கள் இருப்பார்கள். உனக்குச் சம்மதம்தானே?

இன்னொன்று. போன மாதம் நீ, நாள் தப்பி ரத்தம் படுகிறது, வெயிலில் வேலை செய்வதால் இருக்கும் என்றாய். நானும் ஆமாம் என்றேன். அந்த ஆமாம் தப்பு, லெய்வியா. இந்தக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே டாக்டரிடம் போ. பண்ணைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மார்த்தா கூட வருவாள், எல்லாம் சொல்லியிருக்கிறேன். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நீயும் சுவரைப் பார்த்துச் சொல், நான் கேட்டுக்கொள்கிறேன்.

கடவுள் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். பதில் எழுதும்போது டாக்டர் சொன்னதை முதல் வரியில் எழுது. நலமா என்று விசாரிப்பதெல்லாம் அதற்குக் கீழே.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
கல்மெட்